நரம்பு ஓடிய துண்டை ஒதுக்காதீர்கள்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ரோடும் பாலமும் தடுப்பணையும் கட்டும் பொறியாளர்களுக்கும், அவர்களுக்காகப் பாறையைச் சோதித்துத் தரும் ஆய்வகத்தாருக்கும்,

வணக்கம்.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துப் பக்கம் போயிருப்பீர்கள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு இறுகி ஷேலாகி, இன்று மழையில் அரித்து ஓடை ஓடையாகக் கிடக்கிறது. அதன் ஊடே வெள்ளை வெள்ளையாக ஜிப்சம் நரம்புகள், அதாவது பாறை விரிசலில் ஜிப்சம் நிரம்பிய கோடுகள். ஒன்றைப் பெயர்த்துப் பாருங்கள்: பட்டு நூலை நெருக்கி அடுக்கியதுபோல் இழைகள், நகம் பட்டாலே கீறல் விழும். ஷேலும் நரம்பும் ஒட்டியிருக்கும் இடம் லேசான தட்டலுக்கே விட்டுக்கொடுத்துவிடும்.

அந்த ஒட்டுதான் என் கவலை. பாறையைத் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டுகளை, அதாவது கோர் துண்டுகளை, பல வருஷம் மெஷினில் வைத்து நசுக்கியவன் நான். கோர் பாக்ஸைத் திறந்ததும் கை முழுத் துண்டைத்தான் தேடும். நரம்பு ஓடியது அறுக்கும்போதே இரண்டாகிவிடும், "டெஸ்ட்டுக்கு ஆகாது" என்று ஓரமாக வைத்துவிடுவோம். நானும் வைத்திருக்கிறேன். அறிக்கைக்குப் போவது மிச்சமிருந்த நல்ல துண்டின் பலம் மட்டும். வெட்டிய சரிவு நிற்பதோ நாம் ஒதுக்கிய துண்டுகளையும் சேர்த்துத்தான்.

டெக்சாஸின் பார்னெட் ஷேலைப் பற்றி 2007-இல் வந்த ஆய்வில், கால்சைட் (சுண்ணாம்புத் தாது) நிரம்பிய விரிசல் உள்ள துண்டுகளின் இழுவலிமை, அதாவது இழுத்தால் பிய்யாமல் தாங்கும் பலம், மற்றவற்றில் பாதிதான் இருந்தது. குவார்ட்ஸ் என்ற கெட்டியான தாது இறுகப் பிடித்த நரம்பானால் கதை வேறாகலாம். சாய்வும் முக்கியம். சுமைக்குக் குறுக்கே படுத்திருக்கும் நரம்பை அந்தச் சுமையே அழுத்தி மூடிவிடும். சுமையின் திசைக்கு 30 டிகிரி வாக்கில் சாய்ந்திருந்தால் அதுவே வழுக்குப் பாதை.

ஜிப்சத்துக்குத் தண்ணீரும் எதிரி. ஒரு லிட்டரில் 2 கிராமுக்கு மேல் கரைந்துபோகும். அமெரிக்காவின் யூட்டாவில் குவெயில் க்ரீக் அணைக்கரையின் அடியில் ஜிப்சம் கலந்த பாறை. கசிவை அடைக்க சிமென்ட் கரைசல் செலுத்திப் பார்த்தும் நிற்கவில்லை, 1989 புத்தாண்டு நள்ளிரவில் கரை உடைந்தது. தடுப்பணைக்கு இடம் பார்க்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

நான் கேட்பது பெரிய செலவில்லை. நரம்பின் தடிமனையும் சாய்வையும் கோர் பதிவில் எழுதுங்கள். அறுக்கையில் உடைந்த துண்டுகள் எத்தனை என்பதையும் அறிக்கையில் சேருங்கள். காய்ந்த துண்டோடு, ஊறவைத்த துண்டையும் சோதியுங்கள். நரம்பின் மேல் ஒரு சொட்டு நீர்த்த ஆசிட் விட்டால் கால்சைட் நுரைக்கும். நுரைக்காமல், நகத்துக்கும் கீறல் விழுந்தால் பெரும்பாலும் ஜிப்சம்தான். அந்த இடத்தில் அஸ்திவாரம் போடுவதற்கு முன் தண்ணீர் எந்த வழியாக வரும் என்று பாருங்கள்.

இப்படிக்கு,
பாறைச் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்த ஒருவன்