28 கோர் மெஷின் வாங்கலாமா?

சென்னை,
ஆனி கடைசி

அன்புள்ள மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். பாதி உன் பேச்சு, பாதி உன் பிரஸ்ஸில் ஓடும் ஆப்செட் மெஷின் சத்தம். நான் புரிந்துகொண்டது இதுதான்: ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும், டிசைன் ரூம் கம்ப்யூட்டர் மூச்சு வாங்குகிறது. யாரோ ஒரு கடைக்காரர் "பழைய சர்வர் சார், ரெண்டு சியான், மொத்தம் 28 கோர், புது டெஸ்க்டாப் விலையில் பாதி" என்று ஆசை காட்டியிருக்கிறார். சியான் என்பது இன்டெல்லின் சர்வர் சிப். கோர் என்பது சிப்புக்குள் தனித்தனியாக வேலை பார்க்கும் ஆள் என்று வைத்துக்கொள். போனில் சொன்னால் நடுவில் பிளேட் மாட்ட ஓடிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

வாங்காதே.

சொல்கிறவன் சூடு பட்டவன். 25 வருஷம் சர்வர் ரூமில் குப்பை கொட்டியவன், போன வருஷம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே வலையில் போய் விழுந்தேன். இன்டெல் சியான் இ5-2680 வி4. 2016-இல் வந்தது, 14 கோர். அந்தக் காலத்தில் எங்கள் ஆபீஸில் அதைத் தொட்டுப் பார்க்கவே நாலு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்! அது இப்போது என் வீட்டு மேஜையில் என்ற பெருமை எனக்கு. அக்கா மகன் வந்தான். அவனிடம் இருப்பது ஏஎம்டி கம்பெனியின் டெஸ்க்டாப் சிப், ரைசன் 5 5600, வெறும் 6 கோர். போட்டி வைத்தோம்.

முதலில் எல்லா கோரையும் வேலை வாங்கும் சோதனை. பிளெண்டர் என்ற 3டி சாப்ட்வேரில் ஒரே சீனை இரண்டிலும் படமாக்கிப் பார்த்தோம். கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் முடிந்தது. 14 ஆள் இழுத்த தேரை 6 ஆளே இழுத்துவிட்டார்கள். அடுத்து, உன் வேலை மாதிரியே கோரல்டிராவில் கனமான ஒரு பைலை பிடிஎப் ஆக்கினோம். அவனுடையது முடித்துவிட்டு நிற்கிறது, என்னுடையது அப்போதுதான் பாதி தாண்டுகிறது. பயல் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

பிடிஎப் ஆகும்போதே, எந்த கோர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். 28 கட்டம், ஒரு கோருக்கு இரண்டு. ஒரு கட்டத்தில் மட்டும் கோடு எழும்பும், அடுத்த நொடி அது இன்னொரு கட்டத்துக்குத் தாவும், மற்றதெல்லாம் தரையோடு படுத்துக் கிடக்கும். மொத்தப் பயன்பாடு 4 சதவீதம். உனக்குச் சொல்லும் மெஷினில் 56 கட்டம் தெரியும், பயன்பாடு 2 சதவீதம் என்று காட்டும். அதிலும் உன் ஆட்கள் பக்கம் கட்டும் பழைய சாப்ட்வேரான பேஜ்மேக்கரை இன்னும் விடவில்லை. அதன் கடைசி வெர்ஷன் வந்தது 2001-இல். டெஸ்க்டாப்புக்கு இரண்டு கோர் சிப் வந்ததே 2005-இல்தான். ஒரு கோர் மட்டும் இருந்த காலத்து சாப்ட்வேருக்கு 28 கோரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எப்படித் தெரியும்?

உன் பாஷையில் சொன்னால், நாலு கலர் ஆப்செட்டில் 50 விசிட்டிங் கார்டு அடிப்பாயா? பிளேட் போட்டு, இங்க் ஓட்டி, ரிஜிஸ்டர் சேர்ப்பதற்குள் டிஜிட்டல் மெஷினில் அடித்து டப்பாவில் போட்டுக் கொடுத்திருப்பாய். லட்சம் ஷீட் என்றால் கதையே வேறு. சர்வர் சிப்பும் அப்படித்தான். ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் கேட்டால் ஆயிரம் பேருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறும். ஒருத்தன் மௌஸைப் பிடித்துக்கொண்டு "சீக்கிரம், சீக்கிரம்" என்றால் அதற்கு அந்த அவசரம் வராது.

இத்தனைக்கும் இன்றைக்கு சர்வர் சிப்பும் டெஸ்க்டாப் சிப்பும் பங்காளிகள். ஏஎம்டியின் டெஸ்க்டாப் சிப் ரைசன் 9 7950எக்ஸ், சர்வர் சிப் எபிக் 9654 இரண்டும் 2022-இல் வந்தவை, ஒரே ஜென் 4 டிசைன். எட்டு கோர் கொண்ட சின்னத் துண்டுகள். ரைசனில் இரண்டு துண்டு, 16 கோர். எபிக்கில் பன்னிரண்டு துண்டு, 96 கோர். ஆனால் ரைசன் 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை பாயும், எபிக் 3.7-இல் நின்றுவிடும். காரணம் கரண்ட்டும் சூடும். எபிக்குக்கு 360 வாட், 96 பேர் பங்குபோட்டால் ஆளுக்கு 4 வாட்கூடத் தேறாது. ரைசனுக்கு 170 வாட், 16 பேர்தான், ஆளுக்கு 10 வாட்டுக்கு மேல். சாப்பாடு குறைந்தால் ஓட்டமும் குறையும். அதற்குப் பதிலாக மெமரிக்குப் போய்வரும் பாதை, அதாவது மெமரி சேனல், எபிக்குக்கு 12, ரைசனுக்கு 2. டேட்டாபேஸ்காரனுக்கு அது சொர்க்கம். உனக்கு எதற்கு?

நம் பாலிடெக்னிக் லேப் ஞாபகம் இருக்கிறதா? செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி ரூமுக்குள் போவோமே. மூலையில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், லேப் கம்ப்யூட்டர்களை இணைக்கும் நாவல் (Novell) சர்வர். பெரிய தெய்வம் என்று நினைத்தோம். உள்ளே இருந்தது நாம் தட்டிக்கொண்டிருந்த அதே 486 சிப், கொஞ்சம் கூடுதல் மெமரி. இன்டெல் சியான் என்று தனியாகப் பெயர் வைத்ததே 1998-இல்தான்.

சர்வரிடம் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு, இசிசி மெமரி. மெமரிக்குள் ஒரு பிட், அதாவது ஒரே ஒரு 0 அல்லது 1, தானாகப் புரண்டாலும் கண்டுபிடித்துத் திருத்திவிடும். தினசரி காலண்டரில் ராகு காலம் மாறிப்போனால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பழைய சர்வரில் வரும் மலிவான மெமரியைக் கழற்றி நாளைக்குச் சாதாரண டெஸ்க்டாப் போர்டில் போடலாம் என்று கணக்குப் போடாதே, ஓடாது. விண்டோஸ் 11-உம் அந்த சியானை முறைப்படி ஏற்றுக்கொள்ளாது.

கரண்ட் கதையையும் கேள். சும்மா இருக்கும்போதே என் பெட்டி 110 வாட் தின்றது. நான் வேறு அதை அணைப்பதே இல்லை. இரண்டு மாதத்துக்கு 160 யூனிட் அதற்கு மட்டும். இலவச 100 யூனிட் எந்த மூலைக்கு? பேன் சத்தம் மிக்ஸி மாதிரி. ஸ்விட்ச் போட்டால் மெமரியைச் சரிபார்த்து முடிக்க டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். "ஆபீஸைத்தான் விட்டீர்கள், சத்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்களே" என்றாள் வீட்டில். இப்போது பெட்டி பரணில்.

நீ வாங்க வேண்டியது, வேகமான 8 கோர் டெஸ்க்டாப் ஒன்று, 32 ஜிபி மெமரி, பைல்களை வைக்க வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி டிஸ்க். மிச்சக் காசில் பைல்களை பேக்கப் எடுக்க ஒரு சின்னப் பெட்டி தனியாக வை. கடைக்காரர் ரொம்ப வற்புறுத்தினால் உன் காலண்டர் பைல் ஒன்றைக் கொண்டுபோய் அவர் கண் முன்னாலேயே பிடிஎப் போட்டுப் பார். கட்டம் எத்தனை எழும்புகிறது என்று அவரையே எண்ணச் சொல்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. போன வருஷம் நீ அனுப்பிய காலண்டரில் நல்ல நேரம் கண்ணுக்கே தெரியவில்லையாம். இந்தத் தடவை பெரிய எழுத்து போட்டது ஒன்று எடுத்து வை. ஊர்க் கோயிலில் பொங்கல் சாட்டியதும் சொல், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

உன்
சேகர்