பெரியவள் கிரேடும் சின்னவன் இம்போசிஷனும்

அன்புள்ள சிவாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பெரியவள் விஷயம் எளிது, அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் 91க்கு ஏ1 வந்தது, பத்தாம் வகுப்பு சிபிஎஸ்இ பொதுத்தேர்வில் தமிழில் அதே 91க்கு ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறாய். திருத்தியதில் கோளாறு எதுவும் இல்லை. பள்ளி போடும் கிரேடுக்கு எல்லை மாறாது: 91 முதல் 100 வரை ஏ1, 81 முதல் 90 வரை ஏ2, இப்படியே இறங்கும். போர்டு வரிசை பார்த்துப் போடுகிறது. அந்தப் பாடத்தில் பாஸானவர்களை மார்க்கு வாரியாக நிறுத்தி எட்டுப் பங்கு வைக்கிறார்கள். முதல் பங்குக்கு ஏ1, கடைசிப் பங்குக்கு டி2. ஒரே மார்க்கு எடுத்தவர்களுக்கு ஒரே கிரேடு வரும்படி எல்லையைக் கொஞ்சம் நகர்த்துவதும் உண்டு. எல்லாரும் அள்ளுகிற பாடத்தில் ஏ1 எல்லை மேலே போய்விடும். ஆகவே தமிழ் 91ஐயும் கணக்கு 91ஐயும் கிரேடை வைத்து ஒப்பிடாதே.

இன்டர்னலில், அதாவது பள்ளியே போடும் மார்க்கில், 20க்கு 20 வாங்கியவள் எழுத்துத் தேர்வில் ஏன் சறுக்கினாள் என்பதுதான் நல்ல கேள்வி. அந்த 20 நான்கு ஐந்துகளாகப் பிரியும்: பீரியாடிக் டெஸ்ட், பலவகை மதிப்பீடு, போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளின் தொகுப்பு), பாடச் செயல்பாடு. நோட்டை ஒழுங்காக வைத்து, சொன்ன தேதியில் கொடுத்தாலே பாதிக்குமேல் கிடைத்துவிடும். மீதி 80 மார்க்குத் தாளில் ஏறக்குறையப் பாதி, படித்ததைப் புது இடத்தில் பயன்படுத்தும் கேள்விகள். கைடைப் பார்த்து எழுதிய நோட்டு அங்கே உதவாது.

சின்னவனுக்கு வருகிறேன். ரிப்போர்ட்டில் ‘கவனக்குறைவு’ என்று ஒரே சொல்லில் முடித்திருக்கிறார்கள் என்றாய். அந்தச் சொல்லை நம்பாதே, விடைத்தாளைக் கேட்டு வாங்கு. நான்காம் வகுப்பில் 5003-லிருந்து 1867ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 4864 என்று எழுதுவார்கள். அதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறான்: 7-லிருந்து 3, 6-லிருந்து 0, 8-லிருந்து 0, 5-லிருந்து 1. மேலே எது, கீழே எது என்று பார்க்கவே இல்லை. ஒரு தப்பான விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறான். பூஜ்யத்தைத் தாண்டிக் கடன் வாங்குவது புரியவில்லை, அவ்வளவுதான். பத்து ரூபாய், நூறு ரூபாய் நோட்டுகளை வைத்துச் சில்லறை மாற்றிக் காட்டினால் இரண்டு நாளில் சரியாகும். அதே பையன் 3136ஐ நோட்டில் சரியாகப் போட்டுவிட்டு விடையை 3163 என்று எடுத்து எழுதியிருந்தால் அதற்குத்தான் கவனக்குறைவு என்று பெயர். இரண்டுக்கும் மார்க்கு பூஜ்யம், மருந்து வேறு.

தாள் கைக்கு வந்ததும் அவனையும் பக்கத்தில் உட்கார வைத்து, போன ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்தில் பென்சிலால் ஓர் எழுத்துப் போடு. தெரியாததற்கு ‘தெ’, கேள்வியைத் தப்பாகப் படித்ததற்கு ‘ப’, கூட்டல் கழித்தல் பிசகுக்கு ‘பி’, நேரம் போதாமல் விட்டதற்கு ‘நே’. எது அதிகமோ அதிலிருந்து ஆரம்பி. திட்டிக்கொண்டே செய்தால் எல்லாவற்றுக்கும் ‘ப’ என்றுதான் சொல்வான்.

தப்பாகப் போட்ட கணக்கைப் பத்துத் தடவை எழுதி வரும்படி பள்ளியில் அவனிடம் சொன்னது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. தப்பான விதியைப் பத்துத் தடவை எழுதினால் அது இறுகும், வேறொன்றும் ஆகாது. பாட வரிகளை இம்போசிஷன் எழுதும் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறாயா? முதல் சொல்லை மேலிருந்து கீழாகப் பத்துத் தடவை, பிறகு இரண்டாவது சொல்லை அதே மாதிரி. வாக்கியம் ஒரு தடவைகூட மூளையைத் தொடுவதில்லை.

ஹோம்வொர்க் அளவுக்கு ஒரு பிடிமானம் உண்டு. மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கைப்படி இரண்டாம் வகுப்பு வரை ஹோம்வொர்க் கூடாது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம். நாளைக்கு அல்ல, வாரத்துக்கு. கொள்கைதான், சட்டமல்ல, ஆனாலும் பேச்சுக்கு நிற்கும். ஒரு வாரம் குறித்து வை: எந்தப் பாடம், எத்தனை மணிக்கு உட்கார்ந்தான், எத்தனை மணிக்கு எழுந்தான், கடைசியில் யார் முடித்தது. தெர்மாகோல் ப்ராஜெக்ட்டை ராத்திரி ஒட்டியது உன் மனைவி என்றால் அதையும் எழுது. பல பள்ளிகளில் நடப்பது இதுதான்: ஒவ்வொரு டீச்சரும் இருபது நிமிட வேலைதானே என்று கொடுக்கிறார், மற்றவர் கொடுத்தது அவருக்குத் தெரியாது. ஐந்து பாடம் சேர்ந்தால் ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகிறது. கிளாஸ் டீச்சர் ஒருவர் இன்ன நாளைக்கு இன்ன பாடம்தான் என்று முறை வைத்தாலே பாதிச் சண்டை தீரும். அதை நீ கேட்கலாம்.

எழுதி வராததற்கு முட்டி போட வைத்தார்கள் என்றாயே, அது வேறு கணக்கு. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17: உடல் தண்டனையும் கூடாது, மனத் துன்புறுத்தலும் கூடாது. முட்டி போட வைப்பது, பெஞ்சு மேல் ஏற்றுவது எல்லாம் அதில் அடக்கம். ‘கண்ணை மட்டும் விட்டுடுங்க சார், மத்தபடி தோலை உரிச்சிடுங்க’ என்று அட்மிஷன் அன்றைக்கு நீயும் சொல்லியிருப்பாய். நம் ஊர் அப்பாக்களுக்கு அது மந்திரம் மாதிரி. அப்பா சொன்னாலும் சட்டம் அனுமதிக்காது.

வாட்ஸ்அப் குரூப்பில் கொட்டாதே. தேதி, எத்தனையாவது பீரியட், என்ன செய்தார்கள், என்ன சொன்னார்கள் என்று பையன் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வை. முதலில் கிளாஸ் டீச்சரிடம் பேசு. சரிவரவில்லை என்றால் முதல்வருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கு. அதற்கும் மேலே என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். 14417 கல்வி உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண். பெரும்பாலும் அந்தக் கையெழுத்து நகலோடு பிரச்சினை நின்றுவிடும்.

பேரன்ட்ஸ் மீட்டிங்கில் உனக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். ‘நல்லா படிக்கிறானா’ என்று கேட்டு அதை வீணாக்காதே. தாளை நீட்டி, ‘இந்த இடத்தில் என்ன புரியவில்லை என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேள். டீச்சர்கள் அதற்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள்.

கணக்குத் தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, முடிந்தால் இந்த வாரமே. இங்கிலீஷ் தாளுக்கு உன் தங்கை இருக்கிறாள், என்னைவிட நன்றாகப் பார்ப்பாள்.

அன்புடன்,
முருகேசன்