புள்ளி வைத்த எழுத்து

கார்ப்பஸ் கிறிஸ்டி,
ஞாயிறு இரவு

அன்புள்ள சாந்தி,

எட்டு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. உன் இரண்டு கடிதமும் மேசை அறையில்தான் இருக்கின்றன, திறக்கும்போதெல்லாம் மனசு குத்துகிறது. மன்னித்துவிடு. அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பெரியவன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்துவிட்டானா? உன் மாமியார் அந்தக் கோழி விஷயத்தை விட்டார்களா இல்லையா? நாங்கள் சுகம். மார்ச்சில் மிட்லண்டிலிருந்து இந்த ஊருக்கு வந்தோம். இவருக்கு எந்த ஊரிலும் ஆறேழு மாதத்துக்கு மேல் வேலை நிற்பதில்லை.

அதனால்தான் யாழினியைப் பள்ளியில் சேர்க்கவில்லை. டீச்சரம்மா திட்டத்தான் போகிறாய், முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. டெக்சஸில் ஆறு வயதிலிருந்துதான் பள்ளிக்கூடம் கட்டாயம். வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். வீட்டுப் பள்ளியும் தனியார் பள்ளிதான் என்று 1994-ல் மாநில உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வாசிப்பு, எழுத்துக்கூட்டு, இலக்கணம், கணக்கு, குடிமைப் பண்பு, இவ்வளவும் கற்பிக்க வேண்டும். எந்தப் புத்தகத்தை வைத்து, எந்த முறையில் என்பதெல்லாம் நம் பாடு. இந்த நாலு மாதமாக என் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான்.

முதலில் ஒரு வாசிப்புத் திட்டம் வாங்கினேன். பெயர் எதற்கு, விடு. வழவழப்பான குட்டிப் புத்தகங்கள், பக்கத்துக்கு ஒரு படம், கீழே ஒரு வரி. இரண்டே வாரத்தில் எட்டுப் புத்தகம் வாசித்துவிட்டாள்! வீடியோவில் எங்க அப்பாவுக்கு வாசித்துக் காட்டி, அவர் ஆலங்குடி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். ஒருநாள் ‘ராபிட்’ என்று அச்சடித்திருந்ததை அவள் ‘பன்னி’ என்று வாசித்தாள். சிரிக்காதே, நம்ம ஊர்ப் பன்னி இல்லை. இங்கே குழந்தைகள் முயலைச் செல்லமாக அப்படித்தான் சொல்வார்கள். அர்த்தம் சரி, ஆனால் முதல் எழுத்தே சேரவில்லை. படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, “இப்போ வாசிடா கண்ணு” என்றேன். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை, சாந்தி. என் முகத்தைப் பார்த்தாள். விடை அங்கே எங்காவது எழுதியிருக்குமா என்று தேடுகிற மாதிரி பார்த்தாள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

அன்றைக்கு ராத்திரியிலிருந்து தேடித் தேடிப் படித்தேன். இது இந்த நாட்டில் பழைய சண்டையாம். படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், வாக்கியத்துக்கு எது பொருந்தும் என்று ஊகி, இது ஒரு கட்சி. ஒலியைச் சேர்த்து வாசி என்பது இன்னொரு கட்சி. ருடால்ஃப் ஃபிளெஷ் என்பவர் இரண்டாம் கட்சிக்காக 1955-லேயே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். 2000-ல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு, ஆய்வுகளை அலசி, ஒலிகளை ஒழுங்காக வரிசைப்படுத்திக் கற்பிப்பது கூடுதல் பலன் தருகிறது என்று அறிக்கை கொடுத்தது. அதற்கப்புறமும் ஊகிக்கச் சொல்லும் புத்தகங்கள் விற்றுக்கொண்டேதான் இருக்கின்றன. நானும் ஒன்றுக்குக் காசு கொடுத்திருக்கிறேனே.

கடைசியில் இரண்டில் வந்து நின்றேன். ஒன்று ‘ஆல் அபௌட் ரீடிங்’. ஆர்ட்டன், கில்லிங்ஹாம் என்ற இருவரின் பெயரில் வழங்கும் பழைய முறையை ஒட்டியது. எழுத்துச் சில்லுகளை நகர்த்தி நகர்த்திச் சொல் உண்டாக்குவார்கள். அழகு. ஆனால் ஒரு நிலைக்கே நூறு டாலருக்கு மேல், அதோடு ஊர் மாறும்போதெல்லாம் அந்தச் சில்லுகளைப் பொறுக்க வேண்டும். இன்னொன்று நூறு பாடத்தில் வாசிக்க வைக்கும் ஒற்றைப் புத்தகம், எங்கல்மன் என்பவரும் இன்னும் இருவரும் 1983-ல் எழுதியது. நாளைக்கு இருபது நிமிடம். நான் சொல்ல வேண்டியது சிவப்பு மையில் அச்சாகியிருக்கிறது. நெட்டுயிருக்கு மேலே ஒரு கோடு, ஒலிக்காத எழுத்தைச் சின்னதாகப் போட்டிருக்கிறார்கள். நம்ம வீரமாமுனிவர் எ-க்கும் ஏ-க்கும் வித்தியாசம் காட்டினாரே, அந்த மாதிரிக் கரிசனம். எல்லாவற்றுக்கும் மேலே, கதையை வாசித்து முடித்த பிறகுதான் படம். “படத்தில் என்ன இருக்கும்னு நினைக்கிறே?” என்று கேட்டுவிட்டுத்தான் காட்ட வேண்டும். இதைப் பார்த்ததுமே முடிவு பண்ணிவிட்டேன்.

முதல் பாடத்தில் ம், ஸ் இரண்டே ஒலி. இங்கே பல அம்மாக்கள் ‘ம’, ‘ட’ என்று ஓர் அகரத்தை ஒட்டிச் சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் குழந்தை ‘மஅட’ என்று கூட்டி, ‘மேட்’ வராமல் திணறுகிறது. நமக்கு அந்தத் தொல்லையே இல்லை, புள்ளி இருக்கிறது! யாழினிக்குத் தமிழ் எழுத்து பாதி தெரியும். எம் எழுத்துக்குப் பக்கத்தில் ம், எஸ்ஸுக்குப் பக்கத்தில் ஸ் என்று பென்சிலால் எழுதினேன். “புள்ளி வச்ச மாதிரி சொல்லு” என்றால் போதும், உதட்டை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று இழுக்கிறாள்.

ஆனால் பிக், பிக் இரண்டும்தான் மானத்தை வாங்குகிறது. தமிழில் எழுதினால் உனக்கே ஒன்றாகத்தான் தெரிகிறது, பார். ஒன்று பன்றி, இன்னொன்று பெரியது. ஒரே ‘ப’வை இரண்டுக்கும் வைத்துக்கொண்டு வளர்ந்த வாய் என்னுடையது. அவளுக்கும் அது ஒட்டியிருக்கிறது. கடைச் சீட்டை நீளமாகக் கிழித்து அவள் உதட்டுக்கு முன்னால் பிடித்தேன். பன்றி சொன்னால் சீட்டு படபடக்கிறது, பெரியது சொன்னால் சும்மா நிற்கிறது. அரை மணி நேரம் ஓயாமல் பன்றி பன்றி என்று சொல்லிச் சீட்டைப் பறக்கவிட்டாள்.

சரி, உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. பதினாலாம் பாடம் நடத்தும்போது உங்க அம்மா ஞாபகம் வந்துவிட்டது. 1991-ல் அறிவொளி இயக்கம், பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ராத்திரி வகுப்பு. எங்க வீட்டுத் திண்ணை, அரிக்கேன் விளக்கு, எதிரே எங்க அப்பத்தாவும் இன்னும் ஆறேழு பேரும். நாம் இரண்டு பேரும் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து கெக்கெக்கே என்று சிரித்து உங்க அம்மாவிடம் குட்டு வாங்கினோமே. அவர் அ, ஆ-வில் ஆரம்பிக்கவில்லை. ‘பட்டா’, ‘படி’. ப, ட், டா தெரிந்தால் போதும், அன்றைக்கே ஒரு சொல்லை வாசித்துவிடலாம். அன்று எல்லோரும் போன பிறகு அப்பத்தா டிரங்குப் பெட்டியைத் திறந்து, தன் நிலத்துப் பட்டாவை எடுத்து விளக்கடியில் விரித்தாள். விரலை வைத்துத் தடவித் தடவி, தலைப்பில் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தாள். ரேகை வைத்தே பழகிய விரல். “இங்கன இருக்குடி” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை யாழினி கதவுக்கு வெளியே கால்மிதியில் செருப்பைக் கழற்றியவள், அங்கேயே குந்திவிட்டாள். அதில் எழுதியிருந்த வரியில் எங்கோ நடுவில் விரல் வைத்து, “ம்ம்… ஈ… ட். அம்மா, இங்கே மீட் இருக்கு!” என்று கத்தினாள். படம் ஒன்றும் கிடையாது அதில். என் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு. அந்த அறிவொளிப் புத்தகம் இன்னும் பரண்மேல் கிடந்தால் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. நாற்பதாம் பாடம் முடிந்ததும் தமிழை அந்த வழியிலேயே ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். உன் ஒன்றாம் வகுப்பில் கூட்டத் தெரிந்தும் வேகமாகச் சேர்க்க வராத பிள்ளைகளுக்கு நீ என்ன செய்கிறாய் என்று விரிவாக எழுது. இந்தத் தடவை உடனே பதில் போடுவேன், சத்தியம்.

உன்,
மல்லிகா