கோவை ரேஸ்கோர்ஸ் ஓட்டக்காரர்கள் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, அலாரம் அடிக்கும் முன்பே எழுந்து பழகிவிட்ட அருமை உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

முதலில் ஓர் இரங்கல். ஜூலை 14ஆம் தேதி பஞ்சாபில் தம் ஊருக்கு அருகே வாகனம் மோதி ஃபவுஜா சிங் ஐயா காலமானார். அவருக்கு வயது 114. 89 வயதில் லண்டனில் முதல் மாரத்தானை ஓடியவர். 2011இல், 100 வயதில், டொராண்டோவில் 42.195 கிலோமீட்டரை எட்டு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாக எடுத்துக்கொண்டு முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் அதைப் பதிவு செய்யவில்லை. அதனால் அந்த ஓட்டத்தின் பெருமை குறைந்துவிடவில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு முதல் ஜோடி ஓட்ட ஷூ வாங்கியவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கிறோம். நமக்கு அவர் வழிகாட்டி. எழுந்து நின்று அஞ்சலி செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிறு ஓட்டங்கள் வழக்கம்போல் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நடந்தன. சுற்று ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் என்பதால் நாலு சுற்று போனால் பத்து. ஐப்பசி மழை கொட்டிய சில வாரங்கள் தவிர எங்கும் தடைபடவில்லை.

இந்த ஆண்டின் முக்கியமான மாற்றத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஓட்டம் முடிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் அவரவர் டைமிங்கைப் போடுவோம். வேகமாக ஓடுபவர்களுக்கு அது உற்சாகம். புதிதாகச் சேர்ந்தவர்களோ மூன்றாவது வாரத்தில் காணாமல் போனார்கள். எனவே சித்திரையிலிருந்து குழுவில் டைமிங் போடுவதில்லை என்று செயற்குழு முடிவெடுத்தது. கூடவே இன்னொன்று: கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் டீக்கடைக்குப் போவதில்லை. முதலில் முடித்தவர்கள் சும்மா நிற்காமல் திரும்பிப் போய், பின்னால் வருபவரோடு கடைசிச் சுற்றை ஓடினார்கள். யாரும் சொல்லி அப்படிச் செய்யவில்லை.

புதியவர்களுக்கு நாம் வைத்த இலக்கு, பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். மூச்சு வாங்கினால் நடக்கலாம். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே பரப்பிய 'ஓடி நடக்கும்' முறையில், மூச்சு வாங்கும்வரை காத்திராமல் தொடக்கத்திலிருந்தே இடையிடையே நடப்பார்கள். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. மூச்சு தாங்குகிறதே என்று தூரத்தைக் கூட்டுபவர்களுக்குத்தான் முழங்காலும் குதிகாலும் வலிக்கத் தொடங்குகின்றன. அவசரம் வேண்டாம் என்று மூத்தவர்கள் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்ததற்கு இந்த ஆண்டு பலன் தெரிந்தது.

பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆரம்பித்தார். டிசம்பரில் கோவை மாரத்தானில் பத்து கிலோமீட்டரை முடித்தார். முந்தின இரவே பிப்பை, அதாவது ஓட்ட எண் அட்டையை, சுடிதாரில் நாலு பின் குத்தி, சுருக்கம் இல்லாமல் நீவி, நாற்காலியில் மாட்டி வைத்திருந்தாராம். மெடலோடு வீடு திரும்பும் வழியில் காய்கறிக் கடைக்காரர், "ஏனுங்க டீச்சர், கழுத்துல என்னங்க?" என்று கேட்டிருக்கிறார். பத்து கிலோமீட்டரையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாராம். 2013 முதல் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக நடக்கும் அந்த ஓட்டத்தில் நம்மவர்கள் பலர் கலந்துகொண்டார்கள். சொந்தச் சாதனையை முறியடித்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் மனமார்ந்த வாழ்த்துகள். ஆனால் செயலாளர் என்ற முறையில் எனக்கு இந்த ஆண்டின் நிறைவான செய்தி அந்த ஆசிரியைதான்.

கோடையில் ஐந்து மணிக்கே ஓட்டத்தைத் தொடங்கினோம். நீண்ட ஓட்டங்களில் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும் என்பதால் ஓஆர்எஸ் வைத்திருந்தோம். பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில்தான் கலக்க வேண்டும், கண்ணளவு கூடாது.

நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்களிடமிருந்து ஒரு குறை வந்தது: நாலு பேர் பக்கம் பக்கமாக ஓடி வழியை அடைக்கிறோம். நியாயமான குறை. இனி இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து ஓட வேண்டாம்; பின்னாலிருந்து கத்தி ஒதுங்கச் சொல்லவும் வேண்டாம். அந்தப் பாதை நமக்கு முன்பே அவர்களுடையது.

வரும் ஆண்டில் புதன்கிழமைகளில் கெண்டைக்கால், இடுப்புத் தசைகளுக்கான உடற்பயிற்சி தொடங்குகிறோம். இருட்டோடு தனியாக வரத் தயங்கும் பெண்களுக்காக, ஒரே பகுதியிலிருந்து வருபவர்களைச் சேர்த்து விடும் பொறுப்பை இரண்டு உறுப்பினர்கள் ஏற்றிருக்கிறார்கள். ஹாஃப் மாரத்தானுக்குத் தயாராக விரும்புபவர்கள் இன்றே பெயர் கொடுக்கலாம். ஐந்து கிலோமீட்டரே போதும் என்பவர்கள் அதையே ஆண்டு முழுக்க ஓடலாம். அதுவும் இலக்குதான், யாரும் அவர்களை 'அடுத்தது என்ன' என்று கேட்க வேண்டாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் அவரைப் பார்க்கவும். சட்டை அளவையும் அவரிடமே சொல்லிவிடுங்கள். வரும் ஞாயிறு ஓட்டம் 5.15க்கு, புதிதாக ஒருவரை அழைத்து வந்தால் அவரோடு முதல் சுற்றை நீங்களே ஓட வேண்டும்.

இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்