ஓட்டு வீட்டு மச்சில் தங்கும் மரநாய்களை வெளியேற்ற நடைமுறை வகுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓட்டு வீடு பழுதுபார்க்கும் தச்சர்கள், ஓடு வேய்வோர்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
நாகர்கோவில்.

பொருள்: மச்சில் தங்கும் மரநாய்களைக் கூண்டின்றி வெளியேற்றுதல் – வழிகாட்டுதலும் உதவியும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மச்சில் சத்தம் கேட்கும் வீட்டிலெல்லாம் மரநாய் இருப்பதில்லை. பகலில் ஓடினால் அணில். புழுக்கை கிடந்து, குச்சியால் நசுக்கும்போது பொடிந்து பூச்சிச் சிறகாக மின்னினால் வௌவால், பொடியாவிட்டால் எலி. எலும்பும் மயிருமாக உருண்டைகள் கிடந்து, உள்ளே சீறல் கேட்டால் கூகை. (பாம்பென்று பயந்து வீட்டைப் பூட்டிப் போகிறவர்களும் உண்டு.) மரநாயின் எச்சம் விரல் பருமன் இருக்கும், பழக்கொட்டை நிறைந்திருக்கும். நுழைவழியில் கோலமாவு தூவினால் ஐந்து விரல் தடம் விழும், பூனைக்கு நான்குதான்.

பகலில் பொந்தை அடைப்பதுதான் பெரிய தவறு. இரவில் இரை தேடும் மரநாய், அந்நேரம் உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும். அடைபட்டால் பலகையைப் பெயர்க்கும், அல்லது செத்து நாறும். மிளகாய்ப் புகைக்குத் தாய் ஓடிவிடும்; குட்டிகள் சுவரிடுக்கில் விழும். நாப்தலின் உருண்டையின் நெடி படுக்கையறைக்கு இறங்குவதுதான் மிச்சம். கூண்டு வைப்பதோ, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாவிட்டால் வேட்டையாடுதலே. பிடித்துக் கொண்டுபோனாலும், வழி திறந்திருந்தால் அடுத்தது வந்துவிடும்.

நாங்கள் செய்வது இது: முதலில் குட்டி இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால், அவை தாயோடு ஏறி இறங்கும்வரை வேலையை நிறுத்தி வைப்போம். இல்லையென்றால் பொந்துகளில் காகிதத்தைத் தளர்வாகச் செருகுவோம். இரவில் எது தள்ளப்படுகிறதோ அதுதான் வழி. மற்ற இடைவெளிகளை, முகட்டு ஓடு, இறவாரம் உட்பட, அரை அங்குலக் கம்பி வலையால் அடைப்போம். அந்த ஒரு வழியில், மேலே கீல் வைத்து வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் வலைக் கதவைப் பொருத்துவோம். அதன் கீழ் விளிம்பு கதவுச் சட்டத்தில் படியாவிட்டால் மரநாய் நகத்தால் இழுத்துத் திரும்ப நுழைந்துவிடும். மூன்று இரவு தடம் இல்லையென்றால் நிரந்தரமாக அடைக்கலாம். கூரையைத் தொடும் கிளைகளையும் வெட்ட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண்.

ஆனால் வீட்டுக்காரர் “இன்றே பிடித்துக் கொண்டுபோங்கள்” என்று நிற்கும்போது எங்கள் சொல் எடுபடுவதில்லை. ஆகவே, குட்டி உள்ள மச்சை அடைக்கக்கூடாது என்பதை ஒரு பக்க அறிவிப்பாக ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டவும், வனச்சரக அலுவலகங்களில் ஒருவழிக் கதவுகளை இரவல் தர வைத்திருக்கவும், தாயை இழந்த குட்டி கிடைத்தால் யாரிடம் ஒப்படைப்பது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும் பணிவுடன் வேண்டுகிறோம். கதவுகளை எந்த அளவில் செய்வதென்று காட்ட, மாதிரி ஒன்றைக் கொண்டுவரத் தயாராக உள்ளோம்.

இப்படிக்கு,
ஓட்டு வீடு பழுதுபார்க்கும் தொழிலாளர்கள்