நாயனம் கேட்டு வளர்ந்த காதுக்கு ஜாஸ் தூரமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் மேற்கத்திய இசை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பீத்தோவனுக்கும் மொஸார்ட்டுக்கும் தாராளமாக இடம் கொடுத்த கட்டுரையாளர், ஜாஸ் என்பது பெருநகரத்து ஓட்டல்களில் பணக்காரர்கள் சாப்பிடும்போது பின்னால் ஓடும் இசை என்கிற மாதிரி ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் இசை படித்தவன் இல்லை. குத்தாலத்தில் விதை, உரக் கடை வைத்திருக்கிறேன். ஆனால் திருவாவடுதுறையும் நரசிங்கம்பேட்டையும் எனக்குப் பக்கத்து ஊர்கள், சின்ன வயதிலிருந்து சுவாமி புறப்பாட்டின் பின்னால் நாயனமும் தவிலும் கேட்டுக்கொண்டே நடந்து வளர்ந்தவன், தாளம் போடத் தெரியும், சில ராகங்கள் காதில் விழுந்தால் அடையாளம் தெரியும். அவ்வளவுதான். இந்தக் காதை வைத்துக்கொண்டே ஜாஸுக்குள் போக முடிகிறது, டெல்டாக்காரர்கள் யாராலும் முடியும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒருநாள் ஒரு பாட்டை அனுப்பி, "மாமா, இதுக்குத் தாளம் போட்டுப் பாருங்க" என்றான். டேவ் புருபெக் குழுவின் 'டேக் ஃபைவ்', 1959-ல் வந்தது. கையில் எண்ணினால் ஐந்து. நம் கண்டசாபு 'தக தகிட' என்று போகும், இவர்களுடையது திருப்பிப் போட்டது போல 'தகிட தக' என்று போகிறது. பியானோ அந்த ஐந்தைச் சலிக்காமல் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்க, ஜோ மொரெல்லோ என்கிற டிரம்ஸ்காரர் அதன்மேல் தனி ஆவர்த்தனம் வாசிக்கிறார். அவசரமே படாமல், இடம் விட்டு விட்டு அடிக்கிறார், நாம் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அவர் எங்கே தள்ளி எடுக்கிறார், எங்கே வந்து சேர்கிறார் என்பதெல்லாம் தெளிவாகத் தெரிகிறது. தவில் தனி கேட்டவனுக்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? இதே புருபெக் குழு 1958-ல் சென்னைக்கு வந்து, மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்திருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த ஒலிப்பதிவு இருக்கிறது, தேடினால் கிடைக்கும், தமிழர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்க வேண்டியது.

அடுத்து அவன் அனுப்பியது ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்கிற இசைத்தட்டு. இது உடனே பிடிபடவில்லை. ட்ரம்பெட் மெதுவாக ஏதோ சொல்கிறது, நிறுத்துகிறது, மறுபடி ஏதோ சொல்கிறது, வேகமும் இல்லை, ஆர்ப்பாட்டமும் இல்லை. கடை மூடிவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டுக் கேட்டு ஒரு கட்டத்தில் அந்த ஸ்வரங்கள் எங்கேயோ கேட்டவையாக இருக்கிறதே என்று தோன்ற, எங்கள் ஊர்ப்பக்கம் நாயனம் வாசிக்கும் ஒரு பெரியவரிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், "கரகரப்பிரியா ஸ்வரம்தாம்ப்பா, அசைவுதான் இல்ல" என்றார். அது சரிதான். முதல் பாட்டான 'ஸோ வாட்' டோரியன் என்கிற ஸ்வர வரிசையில் அமைந்தது, அதன் ஏழு ஸ்வரங்களும் நம் கரகரப்பிரியாவின் ஏழு ஸ்வரங்களும் ஒன்றே. திருவையாற்றில் உட்கார்ந்து தியாகராஜர் கீர்த்தனை கீர்த்தனையாகச் செய்து வைத்த ராகம். கமகம் என்கிற அந்த அசைவு கிடையாது, பிடிகள் வேறு, அதனால் அதை ராகம் என்றே சொல்லக் கூடாது என்று வித்வான்கள் சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே நுழைய எனக்கு அந்த ஏழு ஸ்வரம் போதுமானதாக இருந்தது.

'ஸோ வாட்' கேட்க விரும்புகிறவர்கள் இப்படிச் செய்து பாருங்கள். தொடக்கத்து முன்னுரை முடிந்து பாட்டு தாளத்தில் ஓடத் தொடங்கியதும் ஆதி தாளம் போட ஆரம்பியுங்கள். நான்கு ஆவர்த்தனம், அதாவது நான்கு முழுத் தாளச் சுற்று ஓடும், மறுபடி அதே நான்கு, அப்புறம் வரும் நான்கில் மொத்தக் கட்டுமே அரை ஸ்வரம் மேலே ஏறிவிடும், கடைசி நான்கில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். பாட்டு முழுக்க இந்தப் பதினாறு ஆவர்த்தனச் சுற்றுதான். ட்ரம்பெட், அடுத்து ஜான் கோல்ட்ரேனின் டெனர் சாக்ஸபோன், அடுத்து கேனன்பால் ஆடர்லியின் ஆல்ட்டோ, அப்புறம் பில் எவன்ஸின் பியானோ என்று ஒவ்வொருவரும் அந்தச் சுற்றின் மேல் தங்கள் கற்பனையை வாசித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுக்கிறார்கள். பல்லவியை எடுத்துக்கொண்டு நிரவல், கற்பனை ஸ்வரம் என்று போய்விட்டு எடுப்புக்கு வந்து சேர்வதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான். இந்த இசைத்தட்டு மொத்தமும் 1959 மார்ச்சில் ஒருநாள், ஏப்ரலில் ஒருநாள், இரண்டே அமர்வுகளில் பதிவானது. பெரும்பகுதி மனோதர்மம், அந்த நேரத்துக் கற்பனை.

தாளத்தில் ஒன்று மட்டும் பழக வேண்டும். நம் கை முதல் எண்ணில் விழும். அவர்கள் காலால் மூடுகிற ஹை-ஹாட் தட்டு இரண்டிலும் நான்கிலும் ஒலிக்கும். கொஞ்ச நாள் கை குழம்பும், பிறகு அந்த இழுப்புதான் பிடித்துப்போகும்.

உண்மையிலேயே கடினமானது தாளம் இல்லை, கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்கள். நமக்கு ஒரே சுருதி ஆதாரமாக நிற்க, ஒரே ராகத்துக்குள் இறங்கிக்கொண்டே போகத் தெரியும். பெரும்பாலான ஜாஸ் பாட்டுகளில் அடியில் கார்டுகள் நொடிக்கு நொடி மாறும், வாசிப்பவர் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற ஸ்வரங்களை அந்தக் கணத்திலேயே எடுக்க வேண்டும். 1940-களில் சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கர் வாசித்ததைக் கேட்டால் அந்த வேகத்தில் இத்தனை முடிவுகளை ஒரு மனிதர் எடுக்க முடியுமா என்று திகைப்பாக இருக்கிறது. அதனால்தான் கார்டுகள் குறைவாக உள்ள 'கைண்ட் ஆஃப் ப்ளூ' நம்மைப் போன்றவர்களுக்குச் சரியான வாசல் என்று நினைக்கிறேன். அங்கிருந்து பின்னால் போகலாம், முன்னாலும் போகலாம்.

சரி, ஓட்டல் விஷயத்துக்கு வருகிறேன். ஜாஸ் பிறந்தது நியூ ஆர்லியன்ஸில், மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் டெல்டாப் பகுதியில். கஜா புயலைப் பார்த்த நமக்கு, 2005-ல் கத்ரினா புயலில் அந்த ஊரின் பெரும்பகுதி தண்ணீருக்குள் போனது என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் தெருவில் நடந்துகொண்டே வாசித்த இசை அது. அங்கே சாவு ஊர்வலத்துக்கு பேண்டு உண்டு, இடுகாட்டுக்குப் போகும்போது மெதுவான துயரப் பாட்டும் திரும்பும்போது துள்ளலான பாட்டும் வாசிப்பார்கள். சாவுக்கும் மேளம் வைக்கிற ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் அந்நியமா?

ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் அந்த ஊரில் 1901-ல் பரம ஏழையாகப் பிறந்து, சிறுவர் சீர்திருத்தப் பள்ளியின் பேண்டில் ட்ரம்பெட் போன்ற கார்னெட் பழகியவர். நம் நாயனச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பிறந்தது 1898. ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள், இரண்டு பேருமே மூச்சால் வாசித்தவர்கள். 1928-ல் ஆம்ஸ்ட்ராங் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' தொடக்கத்தில் துணைக் கருவி எதுவும் இல்லாமல் ட்ரம்பெட் மட்டும் சில நொடிகள் எழுந்து இறங்கும், அதைக் கேட்டுவிட்டு உடனே ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் போட்டுக் கேளுங்கள். இருவரும் தங்கள் கருவி அதுவரை நின்ற இடத்திலிருந்து அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பது புரியும். பிள்ளைவாள் சுருதி பிடிக்கும் ஒத்துக் குழலுக்குப் பதில் தம்புரா வைத்துக்கொண்டார், நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி செய்த நீளமான பாரி நாயனத்தைப் பிரபலமாக்கினார், நாயனக்காரன் என்றால் நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும் என்ற காலத்தில் மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் மரியாதையைக் கேட்டு வாங்கினார்.

அந்த மரியாதைதான் இதில் என்னை மிகவும் பாதிக்கிற விஷயம். 1959 ஆகஸ்டில் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வெளியாகிச் சில நாட்களிலேயே, நியூயார்க்கில் தான் வாசித்துக்கொண்டிருந்த பேர்ட்லேண்ட் கிளப்பின் வாசலில் நின்ற மைல்ஸ் டேவிஸைப் போலீஸார் மண்டை உடைய அடித்தார்கள். பலகையில் பெயர் போட்ட கலைஞனுக்கு அந்த வாசலில் நிற்க உரிமை இல்லை. இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? கல்யாணத்தில் கெட்டிமேளத்துக்கு மட்டும் திரும்பிப் பார்க்கிறோம், மற்ற நேரமெல்லாம் மேளக்காரர்கள் அற்புதமாக வாசித்துக்கொண்டிருக்க நாம் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பறை அடிப்பவர்களை நடத்துவது இதைவிட மோசம். எழுபது வருஷத்துக்கு முன்னால் எங்கோ வாசித்த ஒருவரின் மூச்சை உற்றுக் கேட்கப் பழகியதிலிருந்து, எங்கள் ஊர்க் கோயிலில் சாயரட்சைக்கு வாசிக்கும் நாயனத்தையும் நின்று கேட்கிறேன், முடிந்ததும் பக்கத்தில் போய் இரண்டு வார்த்தை சொல்கிறேன்.

கோல்ட்ரேன் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1964 டிசம்பரில் அவர் பதிவு செய்த 'எ லவ் சுப்ரீம்' கடவுளுக்கு நன்றி சொல்லும் படைப்பு. அதன் நான்காம் பகுதியில், தான் எழுதிய பிரார்த்தனைக் கவிதையை வார்த்தை வார்த்தையாக சாக்ஸபோனில் வாசிக்கிறார், வாயால் ஒரு சொல்லும் பாடுவதில்லை. சாகித்யம் தெரிந்து வாசிக்கிற நாயனம் எப்படி இருக்கும் என்று அறிந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். இந்திய இசையை ஆழ்ந்து கேட்டவர் அவர், ரவிசங்கரின் நினைவாகத் தன் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார்.

வெளிக் கருவி, வெளி இசை என்று தள்ளுவது தஞ்சாவூர் மண்ணின் வழக்கமே இல்லை. வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்ததில் தஞ்சை நால்வர் எனப்படும் இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவுக்குப் பெரிய பங்கு உண்டு. கிளாரினெட்டை நம்முடையதாக்கிய ஏ.கே.சி. நடராஜன் பக்கத்துத் திருச்சிக்காரர். சாக்ஸபோனோ, கத்ரி கோபால்நாத்துக்குப் பிறகு நம் கல்யாண வீடுகளுக்கே வந்துவிட்டது.

எனவே என் கோரிக்கை. தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது, திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. உலக ஜாஸ் தினம் ஏப்ரல் 30. அந்த நாளில் ஒரு ஜாஸ் குழுவை அழைத்து நம் நாதஸ்வர, தவில் கலைஞர்களோடு உட்கார வைக்கலாம், அவர்களைத் தொடக்க மங்கல இசையோடு அனுப்பிவிடாமல் முழு நிகழ்ச்சியிலும் சரிசமமாக. காரைக்கால் வானொலி வாரம் அரை மணி நேரம் ஒதுக்கினால் வயல் வேலையில் இருப்பவர்கள்கூடக் கேட்பார்கள். உங்கள் ஞாயிறு இணைப்பில் மாதம் ஒரு பக்கம் கொடுங்கள், எழுதுவதற்கு விமர்சகர்களைத் தேடாதீர்கள், ஒரு தவில் வித்வானிடம் ஆர்ட் பிளேக்கியின் டிரம்ஸைப் போட்டுக் காட்டி அவர் சொல்வதை அப்படியே அச்சில் போடுங்கள், நான் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

அந்தப் பக்கம் வந்தால் இதையும் சேர்த்துப் போடுங்கள்: செல்போன் ஸ்பீக்கரில் டபுள் பேஸ் என்கிற கனத்த குரல் தந்திக் கருவி சரியாகக் கேட்காது, 'ஸோ வாட்'டில் முதலில் பேசுவதே அந்த பேஸ்தான், மற்றவர்கள் அதற்குப் பதில்தான் சொல்கிறார்கள், அதனால் நூறு ரூபாய் ஹெட்போனாவது மாட்டிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
குத்தாலம்.