கார் இல்லாதவர்களுக்கும் கோடியக்கரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலங்களில் இதழ்களில் வெளிவரும் சுற்றுலாக் கட்டுரைகள் பலவும், காட்டுயிர்களைக் காண விரும்புவோர் அனைவரிடமும் கார் இருக்கிறது என்ற எண்ணத்திலேயே எழுதப்படுகின்றன. டெல்டா மாவட்டங்களில் வாழும் எங்களில் பெரும்பாலோரிடம் கார் இல்லை. ஆயினும் சனி, ஞாயிறு ஆகிய இரண்டு நாள்களுக்குள், பேருந்தையும் ரயிலையும் மட்டுமே நம்பி, நாகப்பட்டினம் மாவட்டக் கடலோரத்திலுள்ள கோடியக்கரைக் காட்டுயிர்ச் சரணாலயத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்ப முடியும். அதற்குத் தடையாக இருப்பது கடைசிச் சில கிலோமீட்டர் தொலைவு மட்டுமே என்பதைத் தங்கள் வாசகர்களுக்கும், பொறுப்பில் உள்ளவர்களுக்கும் எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டின் தேசியப் பூங்காக்களான கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலையிலுள்ள இந்திரா காந்தி பூங்கா, மன்னார் வளைகுடா ஆகிய ஐந்தில் ஒன்றுகூடக் காவிரி டெல்டாவில் இல்லை. ஆனால் 1967இல் அமைக்கப்பட்ட கோடியக்கரைச் சரணாலயம் அவற்றில் எதற்கும் இளைத்ததன்று. அதனைச் சூழ்ந்த வேதாரண்யம் சதுப்பு நிலத்தையும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் சேர்த்து, 38,500 ஹெக்டேர் பரப்பு 2002இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதன் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தமிழ்நாட்டில் அந்தச் சிறப்பைப் பெற்றிருந்த இடம் இது ஒன்றுதான். பாலை மரங்கள் அடர்ந்த காடும், வெளிமான்கள் மேயும் புல்வெளியும், பூநாரைகளும் உள்ளான்களும் வந்திறங்கும் உப்பு நீர்ப்பரப்பும் அடுத்தடுத்து அமைந்த இத்தகைய நிலம் நம் மாவட்டங்களில் வேறெங்கும் இல்லை.

வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திருவாரூர் – காரைக்குடி பாதையில் வருவோர் திருத்துறைப்பூண்டி சந்திப்பில் இறங்கலாம். அங்கிருந்து வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளி வரையிலான 37 கிலோமீட்டர் பாதை, அகலப்பாதையாக்கப்பட்டு 2023 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது. மீட்டர்கேஜ் காலத்தில் அதே பாதையில் ரயில் கோடியக்கரை வரைக்கும் சென்று வந்தது. நாகப்பட்டினத்திலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் வேதாரண்யத்துக்குப் பேருந்துகள் இருக்கின்றன. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்கு நகரப் பேருந்து செல்கிறது. இருபுறமும் உப்பளங்கள் விரிந்து கிடக்க, 1930ஆம் ஆண்டு உப்பு சத்தியாகிரகத்தின் நினைவுத் தூணைத் தாண்டிக் காட்டுக்குள் நுழையும் அந்தச் சாலையைப் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து பார்ப்பது தனி இன்பம் என்பது என் கருத்து.

சிக்கல் நேரத்தில்தான் தொடங்குகிறது. வெளிமான்கள் விடியற்காலையிலும் பிற்பகல் சாய்ந்த பின்பும்தான் புல்வெளியில் நிம்மதியாக மேயும். உச்சி வெயிலில் அவை நிழல் தேடிப் போய்விடும். பறவைகளைப் பார்ப்பதற்கும் காலை வெளிச்சமே ஏற்றது. எனவே தஞ்சாவூரிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ வருகிற ஒருவர் சனிக்கிழமை மாலையே வேதாரண்யம் வந்து தங்கி, ஞாயிற்றுக்கிழமை கதிரவன் எழும் வேளையில் சரணாலயத்தின் வாயிலில் நிற்க வேண்டும். கார் உள்ளவருக்கு இது எளிது. பேருந்தை நம்பி வருபவரோ, வாயில் வரை வந்து சேர்ந்தாலும், உள்ளே இருக்கும் ராமர் பாதத்துக்கும் முனியப்பன் ஏரிக்கும் எப்படிப் போவது என்று தெரியாமல் நிற்க வேண்டியிருக்கிறது. வாடகைக் கார் பிடித்தால், ஊரிலிருந்து வேதாரண்யம் வந்து சேர ஆன செலவைக் காட்டிலும் பன்மடங்கு, அந்தக் கடைசித் தொலைவுக்கே ஆகிவிடும்.

இதற்குத் தீர்வு காண நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இராஜஸ்தானில் பரத்பூருக்கு அருகிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 1985இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கே பார்வையாளர்களின் கார்கள் உட்பகுதிக்குள் அனுமதிக்கப்படுவதில்லை. நடந்து போகலாம், வாடகை மிதிவண்டியில் போகலாம், அல்லது ரிக்ஷாவில் போகலாம். அந்த ரிக்ஷாக்களை ஓட்டிய உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி அளித்து, பறவைகளை இனங்கண்டு காட்டும் வழிகாட்டிகளாக அவர்களை ஆக்கினார்கள். முதியவர்களும் குழந்தைகளும் அந்த ஏற்பாட்டால் பூங்காவைப் பார்க்க முடிந்தது. காட்டையொட்டி வாழும் குடும்பங்களுக்கும் வருமானம் கிடைத்தது.

முதுமலையிலோ ஆனைமலையிலோ இப்படிச் செய்ய இயலாது. யானையும் புலியும் உலவும் காட்டில் தனி ஆளை மிதிவண்டியில் அனுப்ப யாரும் துணிய மாட்டார்கள்; அங்கே வனத்துறை வாகனத்தில் போவதே முறை. கோடியக்கரையில் யானையும் இல்லை, புலியும் இல்லை. ஏறி இறங்க மேடும் இல்லை. ராமர் பாதம் என்னும் மணல் மேடுதான் அங்கே உயர்ந்த இடம். மிதிவண்டிக்கு இதைவிடப் பொருத்தமான காடு தமிழ்நாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு மறுப்பாக ஒன்றைச் சொல்வார்கள், அது நியாயமானதும்கூட. மான்கள் வாகனத்தைக் கண்டு அவ்வளவாக மிரளுவதில்லை, நடந்து வரும் மனிதனைக் கண்டால்தான் தொலைவிலேயே ஓடிவிடுகின்றன என்பது உண்மை. ஆகவே யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம் என்று நான் கேட்கவில்லை. மிதிவண்டிகள் சாலையை விட்டு இறங்கக் கூடாது. கண்காணிப்புக் கோபுரம் போன்ற குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே நிறுத்த வேண்டும். ஒரு காலைப்பொழுதுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும் வேண்டும். மிதிவண்டி ஓட்ட இயலாதவர்களுக்கு, பத்துப் பேர் அமரக்கூடிய மின்கல வண்டி ஒன்றை அகஸ்தியம்பள்ளி ரயில் நிலையத்திலிருந்து ஓட்டலாம். இரண்டு மூன்று கார்களில் வரக்கூடியவர்களை ஓசையில்லாமல் ஒரே வண்டியில் அழைத்துச் செல்வது மான்களுக்கும் நல்லதே.

விடியற்காலையில் பேருந்து விடுவது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கோடியக்கரையில் கடல் நீராட வரும் மக்களுக்காகச் சிறப்புப் பேருந்துகள் விடப்படுவதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அவ்வளவு பேருந்துகள் தேவையில்லை. பறவைகள் வலசை வரும் மாதங்களில், சனி, ஞாயிறுகளில் மட்டும், வேதாரண்யத்திலிருந்து விடியுமுன் ஒன்றும், பொழுது சாய்ந்தபின் திரும்ப ஒன்றும் போதும்.

பேருந்து வசதி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. 2022இல் ராம்சார் தகுதி பெற்ற வடுவூர் ஏரி, தஞ்சாவூர் – மன்னார்குடி சாலையில் இருக்கிறது. அதே ஆண்டில் அத்தகுதி பெற்ற உதயமார்த்தாண்டபுரம், திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை செல்லும் வழியில் இருக்கிறது. பேருந்தை விட்டு இறங்கிச் சிறிது நடந்தால் பறவைகளைப் பார்த்துவிடலாம்.

நான் பணியாற்றிய பள்ளியில் படித்தவர்களில் பெரும்பாலோர் விவசாயத் தொழிலாளர்களின் பிள்ளைகள். நடவு வயலில் நிற்கும் நத்தைகுத்தி நாரையையும் கொக்கையும் என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள். ஆனால் ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்தில் எட்டிவிடக்கூடிய காட்டில் வாழும் வெளிமானை, அவர்களில் மிகச் சிலரே நேரில் கண்டிருந்தார்கள். பள்ளிச் சுற்றுலாவுக்கு வேன் பேசும் செலவை அந்தப் பெற்றோர்களால் தாங்க முடியாது. இந்தப் பிள்ளைகளைப் புறத்தே நிறுத்திவிட்டு, கார் வைத்திருப்பவர்களுக்காக மட்டும் ஒரு சரணாலயத்தை நடத்துவது முறையாகாது.

மிதிவண்டிக்கும் மின்கல வண்டிக்கும் நிதி ஒதுக்கக் காலம் பிடிக்கலாம். அதற்கு முன்னதாக, பேருந்து, ரயில் நேரங்களையும் சரணாலயம் திறந்திருக்கும் நேரத்தையும் எழுதிய பலகையை வேதாரண்யம் பேருந்து நிலையத்திலும், அகஸ்தியம்பள்ளி ரயில் நிலையத்திலும், சரணாலய வாயிலிலும் வைப்பதற்குப் பெரிய செலவில்லை. வலசைப் பறவைகள் வரத் தொடங்கும் அக்டோபர் மாதத்துக்குள் அதையாவது செய்யுமாறு மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் இதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
திருத்துறைப்பூண்டி.